மூலநிரலின் திருத்த வரலாறு

அரசு அலுவலகக் கோப்பு ஒன்றைக் கையில் எடுப்பவர் அதில் இரு பகுதிகளைக் காண்பார். வந்த கடிதங்களும் சென்ற கடிதங்களும் ஆணைகளும் ஒரு பகுதியில் இருக்கும். மற்றொன்று குறிப்புப் பகுதி. ஆணை என்ன என்பதை முதற்பகுதியே சொல்லிவிடும். அது ஏன் பிறந்தது, யார் எக்கருத்தை முன்வைத்தார், எந்த நாளில் யார் ஒப்புதல் அளித்தார் என்பவற்றை அறிய வேண்டுமாயின் குறிப்புப் பகுதியைத்தான் புரட்டவேண்டும். தணிக்கையாளர் கேட்பதும் நீதிமன்றம் கேட்பதும் பெரும்பாலும் இரண்டாம் பகுதியைத்தான்.

இன்று வரி கணக்கிடுதல், ஓய்வூதியம் நிர்ணயித்தல், கல்வி உதவித்தொகைக்குத் தகுதி பார்த்தல் போன்ற பணிகளைக் கணிப்பொறியே செய்கின்றது. சட்டமும் விதியும் தாளில் இருப்பினும், குடிமகனுக்கு வந்து சேரும் தொகையை முடிவு செய்வது அவ்விதியைக் கணிப்பொறிக்குப் புரியும் வடிவில் எழுதிய நிரலே ஆகும். நிரலர் எழுதுகின்ற, மனிதர் படிக்கத்தக்க வடிவத்திற்கு மூலநிரல் என்று பெயர். விதி மாறும்போதெல்லாம் மூலநிரலும் மாறும்; விதி மாறாதபோதும், பிழை திருத்துவதற்காக மாறும். இன்று இயங்கும் மூலநிரலைப் படித்தால் இன்றைய நிலை மட்டுமே தெரியும். மூன்றாண்டுகளுக்கு முன் ஒருவருக்கு விதிக்கப்பட்ட வரி எந்தக் கணக்கின்படி வந்தது என்பதற்கு அதில் விடை இராது. அந்த விடையைத் தேடிவைக்கும் ஏற்பாடே பதிப்புக் கட்டுப்பாட்டு முறை எனப்படுகிறது. மூலநிரலுக்கு அமைந்த குறிப்புப் பகுதி என்று அதனைக் கூறலாம்.

திருத்தச் சீட்டும் முழு நூலும்

இம்முறையின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள அலுவலகத்தினருக்குக் கடினம் இராது. அடிப்படை விதிகள், நிதி விதித் தொகுப்பு போன்ற நூல்களுக்கு அவ்வப்போது திருத்தச் சீட்டுகள் வரும்; அவற்றை உரிய பக்கத்தில் ஒட்டிவைப்பது வழக்கம். பழைய நூலோடு எல்லாச் சீட்டுகளையும் வரிசையாகப் பொருத்திப் பார்த்தால் இன்றைய விதி கிடைக்கும். நடுவில் நிறுத்திக்கொண்டால் அந்நாளைய விதி கிடைக்கும். ஒவ்வொரு முறையும் முழு நூலையும் அச்சிட்டு அடுக்கிவைப்பதைக் காட்டிலும் சீட்டுகளை வைத்திருப்பது இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்துகிறது. கணிப்பொறியின் சேமிப்பகம் மிகுந்த விலையுள்ளதாயிருந்த காலத்தில், நிரலர்களும் இதே வழியைத்தான் பின்பற்றினர்.

இவ்வகைக் கருவிகளுள் முன்னோடி, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1972-ஆம் ஆண்டில் மார்க் ராக்கைண்ட் என்பவர் உருவாக்கிய ‘எஸ்.சி.சி.எஸ்.’ ஆகும். ஐ.பி.எம். கணிப்பொறிக்கென முதலில் எழுதப்பட்ட இது, விரைவிலேயே யூனிக்ஸ் அமைப்புக்காக மாற்றி எழுதப்பட்டது. இதில் எல்லாத் திருத்தங்களின் வரிகளும் ஒரே கோப்பினுள் பின்னிக் கிடக்கும்; எந்த வரி எந்தத் திருத்தத்தில் சேர்ந்தது, எதில் நீங்கிற்று என்னும் குறிகள் இடையிடையே இருக்கும். பத்தாண்டுகளுக்குப் பின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் டிக்கி ‘ஆர்.சி.எஸ்.’ என்னும் கருவியை அமைத்தார். அவர் திருத்தச் சீட்டு முறையைத் தலைகீழாக்கினார். அண்மைய பதிப்பு முழுமையாகவே வைக்கப்படும். பின்னோக்கிச் செல்வதற்கான சீட்டுகள் அதனோடு சேர்ந்திருக்கும். பெரும்பாலோர் பெரும்பாலான நேரங்களில் கேட்பது இன்றைய பதிப்பையே என்பதால், அதனை உடனே எடுத்துத் தரவும், பழையதைக் கேட்போர் மட்டும் சற்றுக் காத்திருக்கவும் இம்முறை வகை செய்தது. சிக்கனமான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

வரலாற்றைக் காட்டும் கட்டளை

சேமித்து வைத்தால் மட்டும் போதாது, படிக்கவும் இயலவேண்டும். எஸ்.சி.சி.எஸ்.-இல் இதற்கான கட்டளை ‘பி.ஆர்.எஸ்.’ ஆர்.சி.எஸ்.-இல் ‘ஆர்லாக்’. பின்வந்த ‘கிட்’ முறையில் ‘கிட் லாக்’. பெயர்கள் வேறாயினும் இவை காட்டுவன ஏறத்தாழ ஒன்றே. ஆர்லாக் கட்டளையை எடுத்துக்கொண்டால் மற்றவற்றின் போக்கு விளங்கும்.

இக்கட்டளையை இட்டவுடன் முதலில் ஒரு தலைப்பகுதி தோன்றும். வரலாற்றுக் கோப்பின் பெயர், அதற்குரிய மூலநிரலின் பெயர், தலைமையான திருத்தத்தின் எண், யாரேனும் திருத்துவதற்காக எடுத்துப் பூட்டி வைத்துள்ளனரா என்பது, எவருக்குத் திருத்த உரிமை உண்டு என்பது, முக்கியமான திருத்தங்களுக்கு இடப்பட்ட அடையாளப் பெயர்கள், மொத்தத் திருத்தங்களின் எண்ணிக்கை ஆகியன அதில் இருக்கும். அதன்கீழ் ஒவ்வொரு திருத்தமும், அண்மையது முதலாக, கோடிட்டுப் பிரித்துக் காட்டப்படும்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, உணவகச் சேவைக்குக் குளிர்சாதன வசதி இல்லாதவிடத்து 12 விழுக்காடும், இருந்தவிடத்து 18 விழுக்காடும் வீதமாயிருந்தன. அவ்வாண்டு நவம்பர் 15 முதல், உயர்கட்டண விடுதிகளுள் இயங்குபவை போன்ற விலக்குகள் நீங்கலாக, உள்ளீட்டு வரி வரவின்றி 5 விழுக்காடு என்று இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. விலைச்சீட்டில் இவ்வரியைக் கணக்கிடும் ஒரு சிறு நிரல், ஆர்.சி.எஸ்.-இல் வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அதன் வரலாறு இவ்வாறு தோன்றக்கூடும்:

திருத்தம் 1.3
நாள்: 2017/11/20 06:32:11, எழுதியவர்: நிரலர்2, நிலை: எக்ஸ்ப், வரிகள்: +1 -1
சிறு மாற்றம்.

திருத்தம் 1.2
நாள்: 2017/11/14 19:10:00, எழுதியவர்: நிரலர்1, நிலை: எக்ஸ்ப், வரிகள்: +2 -2
உணவக வீதம் 12, 18 ஆகியவற்றிலிருந்து 5-ஆக மாற்றம், 15.11.2017 முதல். மன்றத்தின் பரிந்துரைப்படி வெளியான அறிவிக்கை காண்க.

திருத்தம் 1.1
நாள்: 2017/06/30 12:15:40, எழுதியவர்: நிரலர்1, நிலை: எக்ஸ்ப்
முதற்பதிவு.

‘வரிகள்’ என்பதன் எதிரே உள்ள எண்கள், முந்தைய திருத்தத்தை நோக்க எத்தனை வரிகள் சேர்ந்தன, எத்தனை நீங்கின என்பதைக் காட்டுவன. ஒரு வரியில் ஓர் எழுத்து மாறினாலும், பழைய வரி நீங்கிப் புதிய வரி சேர்ந்ததாகவே கணக்கில் வரும். ‘எக்ஸ்ப்’ என்பது ‘சோதனை நிலை’ என்பதன் சுருக்கம். யாரும் மாற்றாவிட்டால் கருவி தானாக இடுவது அதுவே. உறுதியானது, வெளியிடப்பட்டது என்றெல்லாம் நிலையை மாற்றிப் பதிய வசதியுண்டு. பலர் அதனைத் தொடுவதில்லை. ஆகவே ஆண்டுக்கணக்கில் பயன்பாட்டில் உள்ள நிரலும் ‘சோதனை’ என்ற முத்திரையோடே காணப்படுமாயின் அதனைக் கண்டு மருள வேண்டியதில்லை.

வரலாறு நீண்டுவிட்டால் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. தலைப்பகுதியை மட்டும் கேட்கலாம்; இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என வரையறுக்கலாம்; இன்னார் செய்தவை மட்டும் எனலாம்; இன்னும் பூட்டப்பட்டுள்ளவை எவை என்றும் வினவலாம்.

நாள் பற்றிய ஓர் எச்சரிக்கை

மேற்கண்ட உதாரணத்தில் திருத்தம் 1.2-இன் நாளைக் கவனிக்கவேண்டும். நவம்பர் 14 என்று இருக்கிறது. வீதம் நவம்பர் 15 முதல்தானே மாறிற்று, ஒருநாள் முன்னதாகவே நிரலை மாற்றி வரியைக் குறைத்துவிட்டனரா என்ற ஐயம் தணிக்கையாளருக்கு எழுவது இயல்பு. உண்மை அதுவன்று. ஆர்.சி.எஸ். நாளையும் நேரத்தையும் உலகப் பொது நேரப்படியே குறித்துக்கொள்கிறது. இந்திய நேரம் அதனின்று ஐந்தரை மணி முந்தியது. 14-ஆம் நாள் 19 மணி 10 நிமிடம் என்பது இங்கு 15-ஆம் நாள் நள்ளிரவு கழிந்து 40 நிமிடம் ஆகும். உள்ளூர் நேரத்தில் காட்டும்படி கேட்கும் வசதி கட்டளையிலேயே உண்டு. அதனை அறியாதவர், நடக்காத தவற்றுக்கு விளக்கம் கேட்டு எழுத நேரும்.

இக்கோப்புகளில் ஆண்டு எழுதப்படும் முறையும் சற்று விந்தையானது. 1999 வரையிலான ஆண்டுகள் கடைசி இரு இலக்கங்களால் மட்டும் குறிக்கப்படும்; 2000 முதல் நான்கு இலக்கங்களும் எழுதப்படும். ஆர்லாக் இதனைச் சரிசெய்தே காட்டும். கோப்பை நேரடியாகத் திறந்து படிக்க முயல்வோரும், அதற்கெனத் தனியே நிரல் எழுதுவோரும் இதை மனத்திற்கொள்ளல் நலம்.

இவற்றினும் முக்கியமானது வேறொன்று. நிரல் மாறிய நாள் வேறு. விதி நடைமுறைக்கு வந்த நாள் வேறு. ஓர் ஆணை முன்தேதியிட்டு வரலாம். அகவிலைப்படி உயர்வு போன்றவற்றில் இது வழக்கமே. ஆகவே வீதத்தையும் அது செல்லுபடியாகும் காலத்தையும் சேர்த்து அட்டவணையாக நிரலுக்கு வெளியே வைப்பதே முறையானது. பழைய வீதத்தை அழித்துப் புதியதை எழுதிவிட்டு, வேண்டுமாயின் வரலாற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பது, பேரேட்டில் எழுத வேண்டியதைக் குறிப்புத் தாளில் எழுதிவைப்பதற்கு ஒப்பாகும்.

‘சிறு மாற்றம்’ மறைப்பது என்ன?

திருத்தம் 1.2-ஐ எழுதியவர் காரணத்தையும் ஆதாரத்தையும் குறித்துள்ளார். திருத்தம் 1.3-ஐ எழுதியவர் ‘சிறு மாற்றம்’ என்று முடித்துவிட்டார். என்ன மாறிற்று என்று காண, இரு திருத்தங்களையும் ஒப்பிட்டுக் காட்டும் கட்டளையை இடவேண்டும். இந்தக் கற்பனை நிரலில், வரியை முழு ரூபாயாக்கும் வரியில் ஒரு குறி மாறியிருப்பதாகக் கொள்வோம். மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 170-ஆம் பிரிவின்படி, 50 பைசா அல்லது அதற்கு மேற்பட்டதை ஒரு ரூபாயாக உயர்த்தவேண்டும்; குறைந்ததை விட்டுவிட வேண்டும். முதலில் எழுதிய நிரலோ ‘50-க்கு மேல்’ என்று மட்டும் கொண்டிருந்தது. சரியாக 50 பைசா வந்தவிடத்து அதனைக் கைவிட்டது. 1.3 அதனைத் திருத்திற்று.

திருத்தம் சரியானதே, குறிப்புரைதான் குறையுடையது. ஜூலை 1 முதல் நவம்பர் 20 வரை வெளியான சீட்டுகளுள், சரியாக 50 பைசாவில் முடிந்தவை யாவும் ஒரு ரூபாய் குறைவாகக் கணக்கிடப்பட்டவை என்ற செய்தி அந்த இரு சொற்களுக்குள் புதைந்து கிடக்கிறது. பழைய சீட்டுகளை மறுபடி பார்க்கவேண்டுமா என்ற கேள்வியை நிரலர் முடிவு செய்ய முடியாது. மேலதிகாரிதான் முடிவு செய்யவேண்டும். அவர் காதுக்கு அது எட்டவேண்டுமாயின் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எவர், எப்போது, எத்தனை வரி என்பவற்றைக் கருவி தானே குறித்துக்கொள்ளும். ஏன் என்பதை மனிதர் எழுதினாலன்றி வரலாற்றில் அது இராது. இங்குப் பொருளியலாரின் ஒரு கருத்து பொருந்தும். குறிப்புரை எழுதும் உழைப்பு இன்றைய நிரலருடையது. அதனால் பயன் பெறுபவர், ஐந்தாண்டு கழித்து அதே இருக்கைக்கு வரும் வேறொருவர். செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்கும் ஆகும் இடத்தில், தேவையான அளவினும் குறைவாகவே பொருள் உற்பத்தியாகும். அறிவுரையால் இது தீர்வதில்லை. ஆணை எண்ணும் காரணமும் இன்றித் திருத்தத்தை ஏற்பதில்லை என்ற விதியே தீர்க்கும். பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான எஸ்.சி.சி.எஸ்.-இலேயே, திருத்தக் கோரிக்கையின் எண்ணை ஒவ்வொரு திருத்தத்தோடும் கேட்டுப் பெறும் வசதி அமைந்திருந்தது.

ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியும் எந்தத் திருத்தத்தில், யாரால் எழுதப்பட்டது என்று இடப்புறத்தில் பெயரிட்டுக் காட்டும் மற்றொரு கட்டளையும் பிற்கால முறைகளில் உண்டு. ஆங்கிலத்தில் ‘பிளேம்’, அதாவது பழி, என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டனர். ‘சப்வெர்ஷன்’ என்னும் முறையில் இதே கட்டளையை ‘பிரைஸ்’, அதாவது புகழ், என்றும் இடலாம், காட்டுவது ஒன்றே. பெயர் எதுவாயினும், ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவரைத்தான் அது காட்டும். இடைவெளியை ஒழுங்குபடுத்தியவர் பெயர் அங்கு வந்து நிற்கக்கூடும். அதைக் கொண்டு பொறுப்பு நிர்ணயிப்பது, கடிதத்தைத் தட்டச்சு செய்தவரை ஆணையிட்டவராகக் கருதுவது போன்றதாகும்.

பதிவில் இல்லாத இரண்டு வரிகள்

வரலாற்றைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்போருக்கு 2003 நவம்பரில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறலாம். உலகெங்கும் கணிப்பொறிகளில் இயங்கும் ‘லினக்ஸ்’ இயக்க அமைப்பின் மூலநிரல் அப்போது ‘பிட்கீப்பர்’ என்னும் முறையில் பராமரிக்கப்பட்டு வந்தது. அதைப் பயன்படுத்த விரும்பாதோருக்காக, ‘சி.வி.எஸ்.’ என்னும் மற்றொரு முறையில் அதன் நகலும் தரப்பட்டது. நகலில் தோன்றும் ஒவ்வொரு திருத்தமும் மூலத்தில் உள்ள இன்ன பதிவிலிருந்து வந்தது என்ற குறிப்பைக் கொண்டிருக்கும். ஒருநாள் நகலில் அத்தகைய குறிப்பில்லாத ஒரு திருத்தம் காணப்பட்டது. அதில் இருந்தவை இரண்டே வரிகள்.

அவ்விரு வரிகளும், ஒரு கணிப்பொறிப் பயனாளர் தலைமை அதிகாரம் பெற்றவரா என்று சோதிப்பது போலத் தோற்றமளித்தன. சோதிப்பதாயின் இரண்டு சமக்குறிகள் இடவேண்டும். அங்கே ஒன்றே இருந்தது. சி மொழியில் ஒற்றைச் சமக்குறி ஒப்பிடாது; மதிப்பை மாற்றிவிடும். எனவே குறிப்பிட்ட ஒரு வகையில் அப்பகுதியை அழைப்பவர் எவராயினும், தலைமை அதிகாரம் அவருக்குக் கிடைத்துவிடும். நகல் வைக்கப்பட்டிருந்த கணிப்பொறிக்குள் புகுந்த யாரோ செய்த வேலை அது. நிரலைக் கூர்ந்து படித்தும் கண்டுபிடிக்க அரிய சூழ்ச்சி. பதிவுகளை ஒப்பிட்டதால், முதன்மை மூலநிரலுக்குள் புகுமுன்னரே பிடிபட்டது.

கிட் முறையும் அதன் வரம்புகளும்

சி.வி.எஸ்., ஆர்.சி.எஸ்.-இன் கோப்பு வடிவத்தையே பயன்படுத்தியது. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் தனி வரலாறு. ஒரே ஆணையை நிறைவேற்றப் பத்துக் கோப்புகளை மாற்றினால் பத்துத் தனிப் பதிவுகள் தோன்றும். அவை ஒரே செயலின் பகுதிகள் என்பதை ஊகித்தே அறியவேண்டும். 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சப்வெர்ஷன், முழுத் தொகுப்புக்கும் ஒரே திருத்த எண் என்ற முறையால் இக்குறையைப் போக்கிற்று.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், இன்று பெருவழக்காய் விளங்குகிறது. இதில் ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்பட்ட நீண்ட அடையாள எண் உண்டு. தனக்கு முந்தைய பதிவின் எண்ணையும் அப்பதிவு தன்னுள் கொண்டிருக்கும். ஆதலால் நடுவில் உள்ள ஒரு பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன்பின் வந்த அனைத்தின் எண்களும் மாறிவிடும். ஆர்.சி.எஸ்.-இல் இந்தக் காப்பு இல்லை. பழைய குறிப்புரையை மாற்றவும், திருத்தங்களை அடியோடு நீக்கவும் அதில் கட்டளைகளே உண்டு.

இதனைக் கொண்டு கிட் வரலாறு அழியாதது என முடிவு செய்வது சரியன்று. பழைய சங்கிலியை விட்டுவிட்டுப் புதிய சங்கிலியைக் கோப்பது எளிது. பழைய எண்களை வேறொருவர் வைத்திருந்தால்தான் வேறுபாடு தெரியவரும். பதிவில் காணும் பெயரும் பயனாளர் தாமே தம் கணிப்பொறியில் அமைத்துக்கொள்வது. கையொப்பம் போலத் தோன்றினும் அது கையொப்பமன்று. மின்னணுக் கையொப்பமிடும் வசதி தனியே உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். எழுதிய நாள், தொகுப்பில் சேர்த்த நாள் என இரு நாள்கள் பதிவில் இருக்க, வழக்கமான காட்சியில் முதலாவது மட்டுமே தோன்றும் என்பதும் அறியத்தக்கது.

வரலாறு தூய்மையாக இருக்க, பொருள் வேறாயிருப்பதும் உண்டு. கோப்புகளைச் சுருக்கும் ‘எக்ஸ்.இசட்.’ என்னும் மென்பொருளில் இரகசிய வழி ஒன்று புகுத்தப்பட்டிருந்ததை, 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்னும் பொறியாளர் வெளிப்படுத்தினார். தொலைவிலிருந்து உள்நுழையும்போது அரை நொடி அளவு தாமதம் ஏற்படுவதைக் கவனித்து அவர் ஆராய்ந்திருந்தார். அச்சூழ்ச்சியின் ஒரு பகுதி, சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் களஞ்சியத்திலேயே இருந்தது. அதனை இயக்கிவிடும் பகுதியோ, பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட 5.6.0, 5.6.1 பொதிகளில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தின் வரலாற்றில் இல்லை. வரலாற்றைப் படிப்பவர், படித்த நிரலும் இயங்கும் நிரலும் ஒன்றுதானா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது சான்று. பழைய முறைகளிலேயே இதற்கு ஓர் எளிய ஏற்பாடு இருந்தது: மூலநிரலில் இடப்பட்ட குறிச்சொல்லுக்குப் பதிலாகத் திருத்த எண்ணும் நாளும் தாமே நிரம்பும், இயங்கும் நிரலிலிருந்தே அவற்றைத் தேடியெடுக்க ஆர்.சி.எஸ்.-இல் ‘ஐடென்ட்’ என்னும் கட்டளை உண்டு. சூழ்ச்சியைத் தடுக்க அது போதாது. கவனக்குறைவால் பழைய பதிப்பே இயங்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடிக்கப் போதும்.

நம் நாட்டில்

மாற்றங்களின் வரலாற்றைப் பேணவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்திற்குப் புதியதன்று. நிறுவனங்களின் கணக்கு விதிகளில் 2021 மார்ச்சில் செய்யப்பட்ட திருத்தம், கணக்கேடுகளை மென்பொருளில் பராமரிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், ஒவ்வொரு நடவடிக்கைக்கும் தணிக்கைத் தடம் பதியும் மென்பொருளையே பயன்படுத்தவேண்டும் என்கிறது. செய்த மாற்றமும் மாற்றிய நாளும் பதிவாகவேண்டும். அப்பதிவை நிறுத்திவைக்க இயலாதபடியும் இருக்கவேண்டும். இருமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1 அன்றோ அதன் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு இது நடைமுறைக்கு வந்தது. இவ்விதி கணக்குப் பதிவுகளின் வரலாற்றைக் கேட்கிறது. அப்பதிவுகளைக் கணக்கிடும் நிரலின் வரலாற்றைக் கேட்கவில்லை. பதிவு மாறாமலே, கணக்கிடும் வழி மாறினால் தொகை மாறும் என்பதை மேற்கண்ட 50 பைசா உதாரணம் காட்டும்.

அரசுத் துறைகளின் பொறுப்பு இதனினும் பெரிது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, ஆவணங்களை முறையாகப் பட்டியலிட்டுப் பேணவும், நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை அவற்றால் பாதிக்கப்படுவோருக்குத் தரவும் பொது அதிகார அமைப்புகளைக் கடமைப்படுத்துகிறது. ஒருவருடைய விண்ணப்பத்தை நிரல் தள்ளிவிட்டது என்றால், அன்று எந்த நிரல் இயங்கியது, அதில் அந்த நிபந்தனை எப்போது, எந்த ஆணையின்படி சேர்ந்தது என்று கூற இயலாத அலுவலகம் எந்தக் காரணத்தைத் தரும்? “கணிப்பொறி ஏற்கவில்லை” என்ற விடையோடு மனுதாரர் திரும்ப நேரும்.

மத்திய அரசு 2015-ஆம் ஆண்டில் திறந்த மூல மென்பொருளைக் கைக்கொள்ளும் கொள்கையையும், அரசுச் செயல்நிரல்களின் மூலநிரலைத் திறந்து கூட்டாக உருவாக்கும் கொள்கையையும் வெளியிட்டது. ‘ஓப்பன்ஃபோர்ஜ்’ என்னும் அரசுத் தளம் இப்பணிக்கெனவே அமைந்தது. வரவேற்கத்தக்க முயற்சிகள் இவை. எனினும் மூலநிரலைத் திறப்பதும் அதன் வரலாற்றைத் திறப்பதும் ஒன்றல்ல. ‘முதற்பதிவு’ என்ற ஒரே குறிப்போடு முழு நிரலையும் ஒரேநாளில் ஏற்றிவிட்டால், நிரலைப் படிக்கலாம். அது எவ்வாறு இந்நிலைக்கு வந்தது என்பதைப் படிக்க முடியாது.

நடைமுறையில் இழப்பு மிகுதியாக நேரக்கூடிய இடம், ஒப்பந்தக்காரர் மாறும் வேளைதான். பணியை முடித்து வெளியேறுபவர் இறுதி நிரலைக் குறுந்தட்டிலோ வேறு சாதனத்திலோ ஒப்படைப்பார். அலுவலகமும் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமிடும். பல ஆண்டுத் திருத்த வரலாறு அவருடைய கணிப்பொறியிலேயே தங்கிவிடும். ஒப்பந்தத்தில் ‘மூலநிரல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அவர்மீது குறை காணவும் இடமில்லை. ‘முழுத் திருத்த வரலாற்றோடு கூடிய களஞ்சியம்’ என்று எழுதுவதற்கு மூன்று நான்கு சொற்களே கூடுதல்; நகலெடுக்கும் செலவோ இன்று மிகச் சொற்பம்.

பெற்றுக்கொள்ளும் அலுவலர் அதனைச் சரிபார்க்க நிரலராக இருக்கவேண்டியதில்லை. கிட் களஞ்சியத்தை நகலெடுத்தால் இயல்பாகவே முழு வரலாறும் உடன் வரும். அண்மைய சில பதிவுகளை மட்டும் கொண்ட ஆழமற்ற நகலையும் எடுக்க முடியும் என்பதால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஒப்படைக்கப்பட்ட நகலில் வரலாற்றைக் காட்டும் கட்டளையை, பழையதிலிருந்து தொடங்கும்படி இடச்செய்து, முதலில் தோன்றும் பதிவின் நாளைப் பணி ஆணையின் நாளோடு ஒப்பிட வேண்டும். திட்டம் ஐந்தாண்டு நடந்திருக்க, முதற்பதிவு சென்ற வாரத்து நாளைக் காட்டுமாயின், இறுதித் தவணையை நிறுத்திவைத்துக் கடிதம் எழுதலாம்.